வெயில் வருடத்து சிவப்பு ஒயின்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

2003 ஆகஸ்டில் பிரான்ஸ் வெந்து போனது. அங்கே ஒயினுக்குப் பேர்போன போர்தோ வட்டாரத்தில் அந்த ஆண்டு திராட்சைப் பறிப்பும் வழக்கத்தைவிட வெகு முன்னதாகத் தொடங்கிவிட்டது. அந்த வருடத்து சிவப்பு ஒயின்களை வரிசையாக வைத்து ருசி பார்க்க உட்காருபவர்களில் பலர் முதல் வாயிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "எல்லாம் ஒரே ஜாம்."

பாதி நேரம் தப்பு ஊற்றிய விதத்தில்தான். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளை வைத்துச் சொன்னது. நம் 25 டிகிரி அறைக்கு அல்ல. புளிப்பு குறைந்த ஒயின் சூடாக இருந்தால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். சந்தேகமிருந்தால் ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றி, ஒன்றை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து 16 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் வேறு வேறு ஒயின் என்றே சொல்வீர்கள்.

அடுத்தது, 'இனிப்பு' என்று குறித்துக்கொள்வது. இந்த ஒயின்களில் சர்க்கரை அநேகமாக எல்லாமே நொதித்து முடிந்திருக்கும். கனிந்த பழ வாசனையும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கை ஏமாற்றுகின்றன. தேட வேண்டியது புளிப்பை. விழுங்கிய பிறகு வாயோரங்களில் எச்சில் ஊறுகிறதா என்று பாருங்கள். வெயிலில் பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் வேகமாகக் குறைந்துவிடும், அதனால் இங்கே புளிப்பு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

துவர்ப்பில்தான் பலரும் குழம்புகிறார்கள். பழம் அவ்வளவு கனிந்திருந்தால் துவர்ப்பும் மென்மையாகத்தானே இருக்கும் என்று நினைப்போம். 35 டிகிரியைத் தாண்டினால் கொடி தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், பழுப்பது தடைப்படும். பழம் வற்றிச் சர்க்கரை மட்டும் செறிவாகும். துவர்ப்பைத் தரும் தோலும் விதையும் காயாகவே நிற்கும். அதனால் முன்வாயில் உலர்திராட்சையும் பின்வாயில் பச்சைப்பாக்கைக் கடித்த வறட்சியும் ஒரே கிளாஸில் வரலாம். அது வெயிலின் கையெழுத்து.

அதற்காக வருடத்தையே மொத்தமாக ஒதுக்கவும் கூடாது. 2003-ல் போர்தோவின் சாந்த் எஸ்தெஃப் பகுதியின் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அங்கே மோந்த்ரோஸ் தோட்டத்து ஒயின் பெரும் பாராட்டு பெற்றது. சீக்கிரம் பழுக்கும் மெர்லோ திராட்சை, அதுவும் போர்தோவின் இன்னொரு பகுதியான பொமரோலின் சரளை மண்ணில், தவித்துப் போனது. இரண்டையும் கலந்து வரிசை போட்டால் வருடத்தை ஒப்பிடுகிறீர்களா, மண்ணையா என்று உங்களுக்கே தெரியாது.

மதிப்பெண்ணைப் படித்துவிட்டு உட்காருவதும் வேண்டாம். போர்தோவின் சாந்த் எமிலியோன் பகுதியில் உள்ள ஷாத்தோ பவி தோட்டத்தின் 2003 ஒயினுக்கு அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் கொடுத்தார்; பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20-க்கு 12 கொடுத்தார். இதில் யார் பேச்சைக் கேட்பது? லேபிளில் உள்ள ஆல்கஹால் எண்ணையும் ரொம்ப நம்ப வேண்டாம். ஐரோப்பிய விதியே அரை சதவீதம் முன்பின் இருக்க அனுமதிக்கிறது.

அப்புறம் வரிசை. துவர்ப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும், எட்டாவது ஒயினுக்கு நியாயம் கிடைக்காது. துப்புங்கள், வெறும் ரொட்டி கடியுங்கள், ஒரு சுற்று முடிந்ததும் கடைசியிலிருந்து திரும்பி வாருங்கள். மீந்ததைக் கார்க் போட்டு வைத்து மறுநாள் மாலை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கிளாஸ், அநேகமாக அப்போதுதான் சப்பென்று இருக்கும்.