ஊட்டச்சத்து மாநாட்டில் உங்கள் ஆய்வை விளக்கும் முதல் போஸ்டரா?

அச்சுக்குக் கொடுக்கும் முன் மாநாட்டு அறிவிப்பில் அளவோடு, நெட்டுவாக்கா படுக்கைவாக்கா என்பதையும் பாருங்கள். போஸ்டரை ஒட்டும் பலகை நெட்டையாக இருந்து போஸ்டர் அகலமாக இருந்தால் இரண்டு ஓரமும் தொங்கும். ஏ0 தாள் அளவு என்றால் 84.1 × 118.9 செ.மீ. பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். பவர்பாயிண்ட் ஃபைலாகக் கொடுத்தால், எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் தமிழ் வரிகள் கட்டம் கட்டமாக மாறிவிடும்.

உணவு உட்கொள்ளல் பற்றிய ஆய்வு என்றால் இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள்: "எந்த அட்டவணையை வைத்துக் கணக்கிட்டீர்கள்? சமைத்த எடையா, சமைக்காத எடையா?" பலர் தடுமாறுவது இங்கேதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன. அதில் தீட்டிய அரிசிக்குத் தந்திருப்பது வேகாத அரிசியின் மதிப்பு, 100 கிராமுக்குச் சுமார் 356 கிலோகலோரி. வெந்த சோறு தண்ணீரை இழுத்து இரண்டரை, மூன்று மடங்கு எடை கூடியிருக்கும். 100 கிராம் சோற்றுக்கு அதே எண்ணைப் போட்டால் கலோரியும் அத்தனை மடங்கு ஏறிவிடும். வீட்டிலேயே 100 கிராம் அரிசியை வடித்து, சோற்றை நிறுத்துப் பாருங்கள். கிடைத்த விகிதத்தை ஆய்வு முறைப் பகுதியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்; குக்கர் சோறு என்றால் விகிதம் வேறு, அதைத் தனியாகக் குறியுங்கள்.

கண்காட்சி அரங்குகளில் தரும் சத்துமாவுத் துண்டறிக்கைகளை ஆதாரமாக எடுக்காதீர்கள். மூல ஆய்வைக் கேளுங்கள், அதற்கு நிதி தந்தது யார் என்றும் கேளுங்கள்.