நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து: முதன்முறை கொடுப்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் குட்டி வந்தபோது அதன் வயிறு உருண்டு திரண்டிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் வாந்தியில் இடியப்பச் சிக்கல் போல வெள்ளைப் புழுக்கள் விழுந்தன. வட்டப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும்; கொழுக்கிப்புழு தாய்ப்பாலிலும் வரும். ஆகவே எவ்வளவு சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் மருந்து வேண்டும்.

1. முரசைப் பாருங்கள்

மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால், அல்லது மலம் தார் போலக் கறுத்திருந்தால், கொழுக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மருந்துக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் அன்றே மிருக வைத்தியரிடம் தூக்கிச் செல்லுங்கள். சிறு குட்டிகள் இதனால் இறந்துபோகின்றன.

இந்தப் புழு மலத்தில் கண்ணுக்குப் படுவது அரிது. புதிய மலத்தில் சிறிதளவை மூடியுள்ள போத்தலில் கொண்டுபோனால், நுண்நோக்கியில் முட்டைகளைத் தேடிப் பார்ப்பார்கள். கொழுக்கிப்புழுவில் ஒரு வகைக்கு நம் நாட்டின் பெயரே உண்டு: 1911இல் இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து விவரிக்கப்பட்ட 'சிலானிக்கம்'. அது மனிதக் குடலிலும் வளரக்கூடியது.

2. நிறை பாருங்கள்

முதலில் நீங்கள் மட்டும் தராசில் ஏறுங்கள். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். 58 கிலோ 63 ஆனால் குட்டி 5 கிலோ. மருந்தின் அளவு இந்த எண்ணைப் பொறுத்தது, கண்மதிப்பு போதாது.

3. மருந்து

பைரன்டெல் வட்டப்புழுவையும் கொழுக்கிப்புழுவையும் தாக்கும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். இரண்டும் சேர்ந்த குளிசைகளும் உண்டு. எது, எத்தனை என்பதை வைத்தியரிடம் நிறையைச் சொல்லிக் கேளுங்கள். மாட்டு மருந்தைக் குறைத்துக் கொடுக்காதீர்கள். உள்ளி அரைத்துக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளி நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும்.

4. கொடுப்பது

முள் நீக்கிய மீன் துண்டுக்குள் குளிசையை ஒளித்துக் கொடுங்கள். துப்பினால் நாக்கின் பின்பகுதியில் வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். அடுத்த ஓரிரு நாட்களில் மலத்தோடு புழுக்கள் வரலாம், பயப்படாதீர்கள்.

5. நாட்காட்டியில் குறியுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மருந்து அன்று குடலில் இருக்கும் புழுக்களைத்தான் கொல்லும். உடலுக்குள் அலையும் குடம்பிகள் (இளம் புழுக்கள்) பின்னர் குடலை வந்தடையும். அதனால் 2 வார வயதில் தொடங்கி 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் 6 மாதம் வரை மாதந்தோறும், அதன் பிறகு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். உங்கள் நாய்க்கு ஏற்றபடி வைத்தியர் இதை மாற்றலாம்.

6. மலத்தையும் தெள்ளையும் ஒழியுங்கள்

வட்டப்புழு முட்டை மண்ணில் விழுந்து தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் நான்கு வாரம் ஆகலாம்; கொழுக்கிப்புழுவுக்கு ஒரு வாரம் போதும். அன்றன்றே அள்ளிவிட்டால் இரண்டுமே தொற்றும் நிலைக்கு வருமுன் அகன்றுவிடும். விட்டால் வட்டப்புழு முட்டை பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். தொடர்மாடியில் இருப்பவர்கள் நாயைக் காலி முகத்திடலுக்கோ தெஹிவளைக் கரைக்கோ கூட்டிச் செல்லும்போது பையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடுகிறார்கள். கொழுக்கிப்புழுவின் குடம்பி தோலைத் துளைத்து நுழையும். வட்டப்புழு முட்டை கை வழியே வாய்க்குள் போனால் பிள்ளையின் கண்பார்வையைக்கூடப் பாதிக்கும்.

வால் அடியில் காய்ந்த சோற்றுப் பருக்கை போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளை விழுங்கும் நாய்க்கே இது பெரும்பாலும் வரும். அப்போது குளிசையோடு தெள்ளு மருந்தும் வாங்குங்கள், நாய் படுக்கும் துணியைக் கொதிநீரில் துவையுங்கள். இல்லாவிட்டால் சில வாரங்களில் அதே பருக்கைகளை மீண்டும் காண்பீர்கள்.