அந்தமானில் எரிமலை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்து அந்தமான் போய் வந்தவர்களைக் கேட்டால், பலர் "எரிமலையே பார்த்துட்டோம்" என்பார்கள். விசாரித்தால் பாராடங் தீவுக்குப் போயிருப்பார்கள். அங்கே இருப்பது சேற்று எரிமலை. பூமிக்கடியில் உண்டாகும் வாயு சேற்றை மேலே தள்ள, வேலிக்குள் சாம்பல் நிறக் குழம்பு 'குபுக்'கென்று ஒரு குமிழி விடும். அடுத்ததற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நெருப்பும் கிடையாது, லாவாவும் கிடையாது. அதை எதிர்பார்த்துப் போனால் முகம் வாடித்தான் திரும்ப வேண்டும்.

பாராடங் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாகப் போகிறது. ஜிர்காட்டாங் சோதனைச்சாவடியிலிருந்து குறித்த நேரத்தில் வண்டிகளை மொத்தமாகத்தான் அனுப்புவார்கள். வழியில் நிறுத்துவது, படமெடுப்பது, பிஸ்கட் நீட்டுவது எல்லாமே குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். 'விலங்கு பார்ப்பது போல மனிதரைப் பார்க்கலாம்' என்று ஆசை காட்டும் ஓட்டுநர் கிடைத்தால் வேறு வண்டி பிடியுங்கள்.

உண்மையான எரிமலை பேரன் (Barren) தீவில் இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். 1787இல் அது வெடித்ததாகப் பதிவு உண்டு. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி விழித்தது. ஆள் குடியில்லாத சரணாலயம் அது, சுற்றுலாப் பயணிகள் இறங்க அனுமதியில்லை. கப்பலிலிருந்து சுற்றிப் பார்ப்பதோடு சரி. பகலில் பெரும்பாலும் புகையும், கடல் வரை இறங்கிக் கிடக்கும் கருத்த லாவாப் பாறையும்தான் கண்ணில் படும். பைனாகுலர் இல்லாமல் போனால் காசு தண்டம். நார்கொண்டம் இருவாட்சியை இங்கே தேடுபவர்களும் உண்டு. அந்தப் பறவை உலகிலேயே நார்கொண்டம் என்ற இன்னொரு எரிமலைத் தீவில் மட்டும்தான் வாழ்கிறது.

நம்மூர்க்காரர்கள் அதிகம் சறுக்குவது தேதியில். மே கடைசியில் பள்ளி விடுமுறை, இல்லாவிட்டால் மாங்காய் அறுப்பு முடிந்து ஜூலை, ஆகஸ்ட். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். கடல் கொந்தளித்தால் கப்பல் கிளம்பாது. அதனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாருங்கள். அப்போதும் பேரன் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். ரத்தானால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நாள் மிஞ்ச வேண்டும். பணம் கட்டுமுன் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. அப்புறம், குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை.

கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டைப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் குற்றம்தான். விமான நிலையத்தில் பையைப் பிரித்தால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே பெங்களூரு விமானம் போய்விடும்.