எம்ஐஆர்சி ஸ்கிரிப்டில் இணைப்பைக் கண்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறைக்கான விண்டோஸ் நிரலான எம்ஐஆர்சி 1995-இல் வந்தது. ஒரே நேரத்தில் பல சர்வர்களோடு இணையும் வசதி 6.0 பதிப்பில்தான் சேர்ந்தது. ஒற்றை இணைப்புக்கு ஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரே பெயருள்ள சேனல் (அரட்டை அறை) மூன்று நெட்வொர்க்குகளில் (ஒன்றோடொன்று இணைந்த சர்வர்களின் குழுக்களில்) இருக்கலாம். அதே நிக்கை (அரட்டைப் பெயரை) மூன்று வேறு ஆட்கள் வைத்திருக்கலாம்.

எந்த இணைப்பில் இருக்கிறோம் என்று அறிய, பலரும் முதலில் $சர்வர் தரும் சர்வர் பெயரைச் சோதிக்கிறார்கள். லிபெரா.சாட் போன்ற பெரிய நெட்வொர்க்கின் பொது முகவரி, பல சர்வர்களில் ஏதோ ஒன்றில் நம்மைச் சேர்க்கும். அடுத்த முறை பெயர் மாறிவிடும், நிபந்தனை பொய்யாகும், பிழைச் செய்திகூட வராது. நெட்வொர்க்கின் பெயரைத் தரும் $நெட்வொர்க் மேலானது. ஆனால் சர்வர் தான் அனுப்பும் 005 எண் செய்தியில் பெயரை அறிவித்த பிறகுதான் அதை நம்பலாம். ஆகவே சர்வரில் நுழையும்போதே இயங்கும் லாகான் நிகழ்வில் அதைத் தேடாதீர்கள். இணைப்பு முழுமையானதும் வரும் கனெக்ட் நிகழ்வுவரை பொறுங்கள்.

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு நிக்கோடு இணைந்திருந்தால் $நெட்வொர்க் இரண்டுக்கும் ஒன்றேதான். அப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் எம்ஐஆர்சி தரும் தனி எண்ணான $சிஐடி வேண்டும். அந்த இணைப்பின் ஸ்டேட்டஸ் விண்டோ திறந்திருக்கும்வரை இந்த எண் மாறாது. நிரலை மூடித் திறந்தால் எண்கள் புதிதாகத் தொடங்கும் என்பதால், கோப்பில் சேமிப்பதற்கு நெட்வொர்க் பெயர், ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு சிஐடி என்று நான் பிரித்துக்கொள்கிறேன். இணைப்பை மாற்றும் /எஸ்கான் கட்டளை கேட்பது சிஐடியை அல்ல, வரிசை எண்ணை. நடுவில் ஒரு விண்டோவை மூடினால் வரிசை நகர்ந்துவிடும். பின்னர் இயங்கும் டைமருக்குள் அதை எழுதவே கூடாது.

மிகவும் கவனிக்க வேண்டியது சிஐடி எண்ணைக் கொண்டு இணைப்பை மாற்றும் /எஸ்சிஐடி கட்டளையோடு அதே வரியில் இன்னொரு கட்டளையைச் சேர்ப்பது. அந்த வரி இருமுறை மதிப்பிடப்படுகிறது. முதல் மதிப்பீடு இப்போதைய இணைப்பில் நடப்பதால், நம் நிக்கைத் தரும் $மீ என்று எழுதினால் இங்குள்ள நிக்தான் போகும், $!மீ என்று எழுதினால்தான் அங்குள்ளது கிடைக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, பிறர் தட்டிய $1- உரையை அப்படியே அந்த வரியில் கொடுப்பது. அதற்குள் யாராவது ஓர் ஐடென்டிஃபயரை ($ குறியோடு தொடங்கி மதிப்பைத் தரும் சொல்லை) ஒளித்திருந்தால், இரண்டாம் மதிப்பீட்டில் அது உங்கள் கணினியில் இயங்கிவிடும். சிஐடி எண்ணை மட்டும் கொடுத்து ஒரு வரி, அடுத்த வரியில் கட்டளை, பிறகு '/எஸ்சிஐடி -ஆர்' என்று திரும்புங்கள். இரண்டு வரி கூடினாலும் பரவாயில்லை.

உலகளாவிய மாறிகளும் ஹாஷ் டேபிள்களும் (பெயர்-மதிப்பு அட்டவணைகளும்) எல்லா இணைப்புக்கும் பொது. பெயரோடு சிஐடியை ஒட்டாவிட்டால் ஒன்றின் மதிப்பை இன்னொன்று அழிக்கும்.

கடைசியாக, கடவுச்சொல். கனெக்ட் ஆனதும் நிக்கைப் பாதுகாக்கும் நிக்சர்வ் சேவைக்கு அதை அனுப்பும் வரியை எந்தச் சோதனையும் இல்லாமல் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தச் சேவை இல்லாத நெட்வொர்க்கில் நிக்சர்வ் என்ற பெயரையே வேறு யாரேனும் எடுத்திருக்கலாம். $நெட்வொர்க் சோதனை மட்டும் இதற்குப் போதாது. 005-இல் எந்தப் பெயரையும் எந்த சர்வரும் அறிவிக்கலாம். இணையக் கொடுத்த முகவரியையும் சேர்த்துச் சோதியுங்கள், டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட) இணைப்பில் சான்றிதழ் சரியாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.