பனிச்சாலையில் பின்சக்கர இயக்கக் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்சக்கரங்களால் இயங்கும் காரைப் பனிக்காலத்தில் வெளியே எடுக்கவே கூடாது என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அதன் இயல்பு தெரியாமல் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இவ்வகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் கனமான எஞ்சின் முன்னால் இருக்கிறது. காரைத் தள்ளும் வேலையோ பாரம் குறைந்த பின்சக்கரங்களுக்கு. அவை பிடி இழந்தால் காரின் வால் பக்கவாட்டில் வீசும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிப்பது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். சட்டென்று காலை எடுப்பதும் ஆபத்து என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காலை எடுத்ததும் எஞ்சின் சக்கரங்களைப் பின்னிழுக்கிறது. இந்தக் காரில் அந்த இழுப்பு முழுவதும் பின்டயர்களில் விழுகிறது. அதே நொடியில் பாரம் முன்னால் சாய்வதால் அவை இன்னும் இலேசாகின்றன. வளைவின் நடுவே கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விடுவது, ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையில், மெல்லக் குறைத்துவிடுங்கள்.

வால் வீசத் தொடங்கினால் பிரேக்கில் ஏறி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். இத்தோடு முடிந்தது என்று கைகளை அப்படியே வைத்திருப்பவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். வால் திரும்பி வரும்போதே ஸ்டீயரிங்கையும் நேராக்காவிட்டால், அது ஊசல்போல மறுபக்கம் இன்னும் வேகமாக அடிக்கும்.

டயரில் செய்யும் சிக்கனம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடைகால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது; பனிக்கால டயரின் கலவை மென்மையாகவே இருக்கும். மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் பொறித்த குறியைப் பார்த்து வாங்குங்கள். தள்ளுவது பின்சக்கரங்கள்தானே என்று இரண்டு மட்டும் வாங்கிப் பின்னால் மாட்டுகிறார்கள். கார் கிளம்பும், திரும்பவும் நிற்கவும் முன்டயர்கள் வேண்டுமே! நான்கையும் மாற்றுங்கள். பிடிப்புக்காக டயர்களைச் சுற்றிச் சங்கிலி மாட்டுவதானால் மட்டும் முதலிடம் பின்சக்கரங்களுக்கு.

டிக்கியில் மணல் மூட்டை வைப்பது பழைய உத்தி, ஓரளவு உதவும். ஆனால் அதைப் பின்அச்சுக்கு மேலே, நகராதபடி கட்டிவைக்க வேண்டும். வால்நுனியில் குவித்தால் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்பும் பிடி குறையும். காரின் கனம் கூடுவதால், வளைவில் வீசிய வாலை அடக்குவதும் கடினமாகும்.

கார் பனியில் புதைந்து பின்சக்கரம் வெறுமனே சுழல்கிறதா? மேலும் மிதித்தால் அடியில் உள்ள பனி உருகி, வழுக்கும் பனிக்கட்டியாகிவிடும். சக்கரங்களின் முன்னும் பின்னும் பனியைத் தோண்டி மணல் தூவுங்கள். சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு வெளியேற விடாமல் எஞ்சினை அடக்கினால், அப்போது மட்டும் அதை அணைக்கலாம். சாலைக்கு வந்ததும் மறக்காமல் இயக்குங்கள். உதவிக்காகக் காருக்குள் காத்திருக்கும்போது ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடுவதானால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிய பனியை அகற்றுங்கள். குழாய் அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே புகும். அதற்கு மணமே இல்லை.