“நல்லா டைட் பண்ணுங்க டாக்டர்”: பல் கிளிப் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிப் போட்டவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: “போன தடவை வலிக்கவே இல்ல டாக்டர். இந்தத் தடவை நல்லா டைட் பண்ணுங்க, சீக்கிரம் முடியட்டும்.” வலிக்கவில்லை என்றால் பல் நகரவில்லை என்று ஒரு கணக்கு. பெற்றோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். வெளிப்படையாகச் சொன்னால், அவசரப்படுகிற சில மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. நான் பார்க்கிற சிக்கல்களில் பலவற்றைத் தோண்டிப் போனால் அடியில் இந்தக் கணக்குதான் இருக்கும்.

பல் எலும்பில் ஆணிபோல அறையப்பட்டது அல்ல. வேருக்கும் அதைச் சுற்றியுள்ள எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு சவ்வு இருக்கிறது. நார், ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அதற்குள்தான். கம்பி ஒரு பக்கமாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்துச் சவ்வு அழுந்தும், எதிர்ப்பக்கம் இழுபடும். அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேரும்; இழுபடும் பக்கத்தில் புது எலும்பு படியும். பல்லை நகர்த்துவது இந்தச் செல்கள்தான். கம்பியின் வேலை தகவல் சொல்வதோடு சரி.

அந்தச் செல்கள் வேலை செய்ய ரத்த ஓட்டம் வேண்டும். இங்கேதான் ‘டைட்’ காலை வாரிவிடுகிறது. நுண்குழாய்களின் ரத்த அழுத்தத்தை மிஞ்சாத விசையே பல்லுக்கு ஏற்றது என்று 1932-இல் ஷ்வார்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் எழுதினார். சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்று ஒரு கணக்கும் கொடுத்தார். அந்த எண்ணைப் பற்றிப் பிறகு நிறைய விவாதம் நடந்தது, கருத்து மட்டும் நின்றுவிட்டது. அதற்கு மேல் அழுத்தினால் ரத்தக்குழாய் மூடிக்கொள்ளும், அந்த இடத்துச் சவ்வு செத்துப்போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லே இல்லாமல் கண்ணாடிபோலத் தெரியும். முன்பக்கம் வேலைக்கு ஆளில்லாததால், எலும்பின் பின்பக்கத்திலிருந்து செல்கள் குடைந்துகொண்டு வரவேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை பல் அசையாது, வலி மட்டும் இருக்கும். டைட் பண்ணச் சொன்னவருக்குக் கிடைத்தது வலியும் தாமதமும்.

எவ்வளவு விசை போதும்? ஒற்றை வேர்ப் பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம். சாயாமல் வேரோடு நகர்த்த 70 முதல் 120. நீண்டு இறங்கிய பல்லை மறுபடி எலும்புக்குள் ஏற்றுவதற்கு 10 முதல் 20 கிராம்தான். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டிலிருந்து நான்கு தாள்களின் எடை! உள்ளே ஏற்றும்போது மொத்த விசையும் வேர்நுனி என்ற சின்ன இடத்தில் போய்க் குவியும். அங்கே அளவு மீறினால் எலும்போடு சேர்த்து வேர்நுனியும் கரையும். கரைந்த நீளம் திரும்ப வளராது. கிளிப் போட்ட பெரும்பாலோருக்கு வேர் கொஞ்சம் குட்டையாகத்தான் செய்யும், அதனால் பாதகமில்லை. ஒரு சிலருக்கு மட்டும் கணிசமாகக் கரையும். முன்பு அடிபட்ட பல், பிறவியிலேயே குட்டையான வேர், நுனி கூம்பிய வேர் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். சின்ன வயதில் விழுந்து பல்லில் அடிபட்டதைச் சொல்லாமல் விடுவது ஒரு தவறு. சிகிச்சை தொடங்கி 6 முதல் 12 மாதத்துக்குள் எடுக்கச் சொல்லும் எக்ஸ்-ரேயை “எதுக்கு இன்னொண்ணு?” என்று தட்டிக்கழிப்பது இன்னொரு தவறு.

மருத்துவர் பக்கத்துத் தவறு, தடித்த கம்பிக்குச் சீக்கிரம் தாவுவது. உருண்டைக் கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு 16 மடங்காகும். இரண்டு பிடிமானங்களுக்கு நடுவே நீளத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். 0.014 அங்குலக் கம்பியையும் 0.016 அங்குலக் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஆனால் ஒரே உலோகம் என்றால் விறைப்பு ஏறத்தாழ 1.7 மடங்கு. பழகுகிற காலத்தில் டப்பாவை மாற்றி எடுத்து, நெருக்கமான கீழ் முன்பற்களில் அந்தத் தடித்த கம்பியை மாட்டியிருக்கிறேன். மறுநாள் காலையிலேயே அந்தப் பையன் வந்து நின்றான்.

மூடிய இடைவெளி முடிந்த வேலை அல்ல

கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்னப் பிடிமானம்தான் பிராக்கெட். அது ஒட்டியிருப்பது பல்லின் வெளியே தெரியும் பகுதியில். பல்லை எலும்பு தாங்கிப்பிடிக்கும் நடுப்புள்ளி வேருக்குள். உயரமான பீரோவை மேல்விளிம்பில் கைவைத்துத் தள்ளினால் நகராது, சாயும். பல்லும் அப்படித்தான். சாயாமல் நகர்த்த, தள்ளுகிற விசையோடு வேரைத் திருப்புகிற ஒரு முறுக்கும் வேண்டும். இது இரண்டும் சரியான விகிதத்தில் அமைவதுதான் எங்கள் தொழிலின் பாதி வித்தை.

பல் பிடுங்கிய இடம் மூடியதும் “அதான் மூடிடுச்சே, கழட்டிடலாமா?” என்று கேட்பார்கள். கண்ணாடியில் தெரிவது பல்லின் தலை மட்டும். கீழே இரண்டு வேர்களும் இன்னும் விலகி நின்றால், கிளிப்பைக் கழற்றிய பின் இடைவெளி மெல்லத் திறந்துகொள்ளும். வெளியே எதுவும் மாறாததுபோல் தெரியும் கடைசி மாதங்களில் வேர் நிமிர்கிற வேலைதான் நடக்கிறது. கல்யாணத் தேதியையோ வெளியூர்ப் படிப்பையோ காட்டி அந்த மாதங்களைப் பறித்துக்கொள்பவர்கள் பலர்.

ரப்பர் பேண்ட்

“நேத்து போட மறந்துட்டேன், அதனால இன்னைக்கு ரெண்டா போட்டுக்கிட்டேன்.” இந்தச் சாமர்த்தியம் வேண்டாம். பேண்டின் உறையில் எழுதியிருக்கும் விசை, அதன் உள்விட்டத்தைப்போல மூன்று மடங்கு இழுக்கும்போது வரும் அளவு. இரண்டு போட்டால் இரண்டு மடங்கு; மேலே சொன்ன ரத்தக்குழாய்க் கதைதான் திரும்ப. ஒரே பேண்டை மூன்று நாள் வைத்திருப்பதும் உதவாது, வாய்க்குள் ரப்பர் முதல் நாளிலேயே கணிசமாகத் தளர்ந்துவிடும். அதோடு, முன்பல்லைப் பின்னால் இழுக்கும் அதே விசை கடைவாய்ப்பல்லை முன்னால் இழுக்கிறது. அதைச் சமாளிக்கத்தான் எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறோம். இடம் மாற்றிப் போட்டால், நகரக் கூடாத பல் நகரும். லேடெக்ஸ் ஒவ்வாமை இருப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். லேடெக்ஸ் இல்லாத பேண்டுகளும் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து, கிளிப்பே இல்லாமல் இரண்டு முன்பற்களைச் சுற்றி ரப்பர் பேண்டைப் போட்டு இடைவெளியை மூடப் பார்ப்பது. வீடியோக்களில் இது இரண்டு நிமிட வேலையாகக் காட்டப்படுகிறது. பல் வேரை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் கூம்பு. பேண்ட் அந்தச் சரிவில் வழுக்கி ஈறுக்குள் நுழையும், வெளியே தெரியாது. போட்டவர் அது கழன்று எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். உள்ளே அது வேரோரமாக மேலே மேலே ஏறி, சவ்வையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே போகும். சில வாரங்களில் ஈறு வீங்கும், சீழ் வரும், பல் ஆடும், நீண்டு இறங்கும். ரப்பர் எக்ஸ்-ரேயில் தெரியாது. எலும்பு போனது மட்டும் தெரியும். ஈறு நோய் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு பல்லும் போய்விடும். நல்ல, சொத்தையே இல்லாத பற்கள். குழந்தைக்கு மேல் முன்பல் இரண்டும் திடீரென்று ஆடினால், “ரப்பர் ஏதாவது மாட்டினியா?” என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது.

வாய்க்குள் இருக்கும் பொருட்கள்

“இந்தக் கம்பி சேஃபா?” என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. யாருக்கு, எந்த நிலையில் என்பதைப் பொறுத்தது.

நிக்கலை எடுத்துக்கொள்வோம். கிளிப்புக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஏறத்தாழ 8 சதவீதம் நிக்கல். முதல் சில மாதங்கள் போடும் வளைந்துகொடுக்கும் நிக்கல்-டைட்டானியம் கம்பியில் எடைக்கணக்கில் பாதிக்கு மேல் நிக்கல்தான். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் பிறந்த உலோகம் அது. 1970-களில் ஆண்ட்ரியாசன் என்பவர் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் நிக்கல் என்றதும் பதற வேண்டாம். மேலே படியும் டைட்டானியம் ஆக்ஸைடுப் படலம் காவலாக நிற்கிறது. உமிழ்நீரில் கரையும் நிக்கல், அன்றாடச் சாப்பாட்டில் உள்ளே போவதைவிடக் குறைவு.

ஒவ்வாமை வேறு விஷயம், அதற்குக் கொஞ்சமே போதும். கவரிங் கம்மல் போட்டால் காது அரிப்பவர்கள், வாட்ச் பட்டி பட்ட இடம் சிவப்பவர்கள் அதைச் சொல்லாமல் கிளிப் போட்டுக்கொள்வது தவறு. ஒவ்வாமை என்றதும் கிளிப்பே வேண்டாம் என்று ஓடுவதும் தவறு. தோல் பொறுக்காத நிக்கலை வாய்ச்சவ்வு பலருக்குப் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதவர்களுக்கு நிக்கல் இல்லாத பீட்டா-டைட்டானியம் கம்பி, டைட்டானியம் அல்லது செராமிக் பிராக்கெட், அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டு) என்று வழிகள் இருக்கின்றன. நன்றாகப் பல் துலக்கியும் ஈறு சிவந்தே இருப்பது, நாக்கு எரிவது, உதட்டைச் சுற்றித் தடிப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். நன்றாகத் துலக்கியும் என்பதை அடிக்கோடிடுகிறேன். ‘அலர்ஜி’ என்று வருபவர்களில் பலருக்கு இருப்பது வெறும் அழுக்கு.

செராமிக் பிராக்கெட் அழகாக இருக்கும், ஆனால் எனாமலைவிடக் கடினமானது. மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடுபவர்களுக்குக் கீழ் முன்பற்களில் அதை ஒட்டினால், ஒவ்வொரு கடிக்கும் மேல்பல் அதன்மேல் உரசித் தேயும். அவர்களுக்குக் கீழே உலோகம் என்றால் அடம்பிடிக்காதீர்கள்.

ஃப்ளோரைடில் ஒரு சின்ன நுணுக்கம். தினசரிப் பேஸ்ட்டால் கம்பிக்குப் பிரச்சினை இல்லை. அமிலத்தன்மையுள்ள அடர்த்தியான ஃப்ளோரைடு ஜெல்லை நாமாகவே அடிக்கடி பூசினால் டைட்டானியத்தின் காவல் படலம் அரிக்கும். இதைக் கேள்விப்பட்டு ஃப்ளோரைடு பேஸ்ட்டையே விட்டுவிடுவது அதைவிட மோசம்: பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் நான்கே வாரத்தில் வெள்ளைத் தழும்பு விழத் தொடங்கும்.

பிராக்கெட் ஒட்டும் பசையைப் பற்றி அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்கலாம். அதில் பல வகைகள் பிஸ்பினால்-ஏ-யை (ஹார்மோன்போல் செயல்படக்கூடும் என்று கவலைப்படும் வேதிப்பொருள்) மூலப்பொருளாகக் கொண்ட பிசினால் ஆனவை. காற்றுப் பட்ட மேல்படலம் நீல ஒளியில் முழுதாக இறுகாது, கொஞ்சம் கசிவது அங்கிருந்துதான். ஒளிமுனையைப் பல்லுக்கு நெருக்கமாகப் பிடித்து முழு நேரமும் காட்டவேண்டும். பிதுங்கிய பசையைச் சுரண்டவேண்டும். முடிந்ததும் நன்றாக வாய் கொப்பளித்துத் துப்பவைக்கவேண்டும். கடைசி நாளில் பசையை அரைத்தெடுக்கும்போது கிளம்பும் தூளை விழுங்காமலும் மூச்சில் இழுக்காமலும் இருக்கத் தண்ணீரும் உறிஞ்சுகுழாயும் வேண்டும்.

அலைனர் போடுபவர்கள் அதை வெந்நீரில் கழுவாதீர்கள், மாட்டிக்கொண்டே சூடான காபி குடிக்காதீர்கள். ஒரு தட்டு பல்லை நகர்த்துவது கால் மில்லிமீட்டர் அளவுதான்; சூட்டில் அது கோணினால் அந்தக் கணக்கே போச்சு. சீக்கிரம் முடிக்க நடுவில் ஒரு தட்டைத் தாண்டிப் போடுவதும் ‘டைட்’ கேட்பதும் ஒன்றுதான்.

மாத்திரை விஷயம்: முதல் ஓரிரு நாள் வலிக்கு பாராசிட்டமால் நல்லது. இபுபுரோஃபேன் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால், எலும்பு கரைவதற்குத் தேவையான புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருள் குறைந்து பல் நகர்வது மந்தமாகலாம். எலும்புத் தேய்மானத்துக்கு, எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் அங்கேயும் கிளிப்பைச் சொல்லுங்கள். ஸ்டீல் பிராக்கெட் முகம், தலைப் படங்களைக் கலங்கடிக்கும்.

கழற்றிய பிறகு

எலும்பு விளிம்புக்கு மேலே ஈறில் இருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை ஆகலாம். பல்லைப் புது இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னரை ஒரு மாதத்தில் டப்பாவில் போட்டுவிடுபவர்களுக்கு இந்த எச்சரிக்கை போதும். பல்லின் உட்பக்கம் கம்பி ஒட்டியவர்களோ அதை மறந்தேவிடுகிறார்கள். முறுக்கிய மெல்லிய கம்பி அது. எதையாவது கடித்துக் கோணினாலோ, ஒட்டும்போதே லேசாக இழுபட்டு ஒட்டியிருந்தாலோ, அது சும்மா பிடித்துக்கொண்டிருக்காமல் தள்ள ஆரம்பிக்கும். வலி இருக்காது, பிராக்கெட்டும் இல்லை, யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு கோரைப்பல்லின் வேர் மட்டும் மாதக்கணக்கில் மெல்ல வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, ஈறு இறங்கி, வேர் கையில் தட்டுப்படும். வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பியைக் காட்டுங்கள். கிளிப் கழற்றிய அன்று எடுத்த புகைப்படத்தையும் கொண்டுவாருங்கள். அதில் இருப்பதைவிட ஒரு பல் மட்டும் வேறு சாய்வில் நின்றால், நாங்கள் முதலில் கழற்றுவது அந்தக் கம்பியைத்தான்.