டாட்டூ, பியர்சிங் கடையில் ஊசி படுமுன் பார்க்க வேண்டியவை

டாட்டூ போட இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் படங்களைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். கோடு நேராக விழுகிறதா, ஷேடிங் சுத்தமா என்பது படத்தில் தெரியும். ஊசி புதுசா என்பது தெரியாது. அதற்கு நேரில்தான் போக வேண்டும். டாட்டூ போடும் நாளுக்கு முன்பே ஒருமுறை, அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல் போய்ப் பாருங்கள். பணம் கைமாறிவிட்டால் கேள்வி கேட்கக் கூச்சம் வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் கை கழுவும் இடம் எங்கே என்று தேடுங்கள். வேலை நடக்கும் அறையிலோ அதை ஒட்டியோ குழாய்த் தண்ணீர், அமுக்கினால் வரும் திரவ சோப்பு, துடைத்து எறியும் காகிதம் இந்த மூன்றும் இருக்க வேண்டும். கடையில் இருக்கும் ஒரே குழாய் கழிவறைக்குள் என்றால், பக்கத்தில் எல்லோரும் துடைக்கும் ஒரே துண்டு தொங்குகிறது என்றால், அங்கே யாரும் கை கழுவுவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கிளவுஸ் போடுகிறோமே, கை எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்கும் கலைஞர்கள் உண்டு. கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் விரலில் படும். அதனால் போடுவதற்கு முன்பும் கழற்றிய பின்பும் கழுவியே ஆக வேண்டும்.

தரையும் படுக்கையும் துடைக்கக்கூடியதாக இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். ரெக்சின் கிழிந்து உள்ளே பஞ்சு தெரியும் நாற்காலியைக் கிருமிநாசினியால் துடைத்துப் பயனில்லை, பஞ்சு ரத்தத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.விக்கு. ஊசி விஷயத்தில் அதைவிடச் சுலபமாகத் தொற்றுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அந்தந்த வைரஸ் உள்ள நோயாளிக்குக் குத்திய ஊசி தவறுதலாக மருத்துவமனை ஊழியர் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு 300-ல் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, மேஜை மேல் உலர்ந்துபோன ரத்தத் துளியில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். தடுப்பூசி 3 தவணை: முதல் ஊசி, 1 மாதம் கழித்து ஒன்று, 6-வது மாதம் ஒன்று. டாட்டூ போட வேண்டும் என்று நினைக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள். உங்கள் கலைஞர் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். நல்ல கலைஞருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

ஊசி தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம்

உண்மையான சோதனை இதுதான். நீங்கள் வரும்போதே எல்லாம் தயாராக, ஊசி மெஷினில் மாட்டி வைக்கப்பட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும்.

ஊசிப் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். தொகுப்பு எண், காலாவதி தேதி, எந்த முறையில் கிருமி நீக்கப்பட்டது என்ற குறிப்பு அச்சிட்டிருக்கும். கூடவே நிறம் மாறும் சிறு புள்ளி ஒன்று இருக்கும். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாற வேண்டும் என்பதும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். காகிதம் ஈரம்பட்டுச் சுருங்கியிருந்தாலோ ஓரம் விட்டிருந்தாலோ தேதி சரியாக இருந்தும் பயனில்லை, அது குப்பைக்குப் போக வேண்டியது.

இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கூட்டோடு சேர்த்து மாட்டும் கார்ட்ரிட்ஜ் ஊசிகள்தான். உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும். ஊசி மேலும் கீழும் ஓடும்போது மையும் ரத்தமும் பின்னால் ஏறி மெஷினுக்குள் போகாமல் அது தடுக்கிறது. மலிவான கார்ட்ரிட்ஜ் சிலவற்றில் சவ்வே இருக்காது. அப்படியானால் ஊசி புதுசு, ஆனால் மெஷினுக்குள் போன வாரம் வந்தவரின் ரத்தம். சவ்வு இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

மெஷின், கேபிள், ஸ்ப்ரே பாட்டில், விளக்கைத் திருப்பும் கைப்பிடி, படுக்கையின் கைதாங்கி என கிளவுஸ் கை தொடப்போகும் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். ஸ்ப்ரே பாட்டிலைத்தான் பலர் மறப்பார்கள். ரத்தம் படிந்த கையால் அதை ஒரு அமர்வில் ஐம்பது தடவையாவது எடுப்பார்கள்.

மை பெரிய பாட்டிலிலிருந்து சின்னஞ்சிறு குப்பிகளில் ஊற்றப்படும். வேலை முடிந்ததும் மீதி மை குப்பியோடு குப்பைக்கு. "விலை அதிகம்" என்று பாட்டிலில் திருப்பி ஊற்றினால் அடுத்தவர்கள் எல்லோருக்கும் உங்கள் ரத்தம் போகிறது. கறுப்பைச் சாம்பலாக்க மையில் தண்ணீர் கலப்பார்கள். அது கிருமி நீக்கி அடைத்த தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, கேன் தண்ணீரும் கூடாது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் சில சாதாரணத் தண்ணீரில் வாழ்கின்றன. 2011-12-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஒரே சாம்பல் நிற மையால் 19 பேருக்கு இந்தத் தொற்று வந்தது. தயாரிப்பிலேயே நீர்த்து வந்த மை அது. ஆகவே, பிரிக்காத பாட்டிலாக இருந்தாலும் தொகுப்பு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடி வழிக்கும் ரேசர் புதிதாக, ஒருமுறைக்கு மட்டும். படத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளை ஒட்டுவதற்காக எல்லோர் தோலிலும் ஒரே டியோடரண்ட் குச்சியைத் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு; தேய்க்க விடாதீர்கள். ஸ்டென்சில் திரவத்தைக் காகிதத்தில் ஊற்றித் தடவலாமே.

இனி கைகளை மட்டும் கவனியுங்கள். கலைஞர் கிளவுஸ் போட்டாயிற்று. போன் அடிக்கிறது. கிளவுஸ் கையாலேயே எடுத்து, காதில் வைத்துப் பேசி, கீழே வைத்துவிட்டு மெஷினைத் தூக்குகிறாரா? அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் போன் பஸ்ஸிலும் சாப்பாட்டு மேஜையிலும் கிடந்தது. இத்தனை நேரம் போட்ட உறையும் பிரித்த பொட்டலமும் அந்த ஒரு தொடுதலில் வீணாகிவிட்டன. கிளவுஸைக் கழற்றி எறிந்து, கை கழுவி, புதிது போட்டுக்கொண்டுதான் தொடர வேண்டும்.

முடிந்ததும் ஊசி போகும் டப்பா கெட்டிப் பிளாஸ்டிக்கில், குத்தினாலும் கிழியாததாக இருக்க வேண்டும். சாதாரணக் குப்பைக் கவரில் ஊசி போனால் மறுநாள் காலையில் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையில் அது குத்தும்.

கோயில் திருவிழாக்களில் தரையில் விரித்து உட்கார்ந்து பேட்டரியில் ஓட்டும் மெஷினால் பச்சை குத்துவார்களே, அங்கே மேலே சொன்ன எதுவுமே நடக்க வழியில்லை. ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம், ஒரே துணி. தவிர்த்துவிடுங்கள்.

ஆட்டோகிளேவ் பற்றி என்ன கேட்க வேண்டும்

மறுபடி பயன்படுத்தும் கருவிகளில் கிருமி நீக்கும் பெட்டிதான் ஆட்டோகிளேவ். வீட்டுக் குக்கர் போலத்தான். அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்கு ஏறுகிறது. பையில் போட்டு ஒட்டிய கருவி அந்த வெப்பத்தில் 30 நிமிடம் இருக்க வேண்டும். பிறகு ஈரம் காயும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். ஈரமாக வெளியே எடுத்த பை காகிதம் வழியாகக் கிருமியை உறிஞ்சிவிடும். தோலைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போன்ற கருவிகளை வாய் திறந்த நிலையில் வைக்க வேண்டும், மூடியிருந்தால் பற்களுக்கு நடுவில் நீராவி போகாது. அதற்கும் முன் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். உலர்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் அதன் அடியில் கிருமி தப்பித்துவிடும்.

பையின் மேல் மாறும் நிறம் சூடு பட்டது என்று மட்டும்தான் சொல்லும். கிருமி செத்ததா என்பதற்கு வித்துப் பரிசோதனை உண்டு. வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகள் உள்ள குப்பியை உள்ளே வைத்து எடுத்து, அவை மறுபடி வளர்கின்றனவா என்று பார்ப்பார்கள். கடைசியாக எப்போது செய்தீர்கள், பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். நீல விளக்கு எரியும் யு.வி. பெட்டியைக் காட்டி "இதுதான் ஸ்டெரிலைசர்" என்பவர்களை நம்பாதீர்கள். வெளிச்சம் படாத அடிப்பக்கம் அப்படியே இருக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியும் கழுவத்தான், கிருமி நீக்காது. எல்லாமே ஒருமுறை உபயோகித்து எறிவதுதான் என்று சொல்லும் கடையில் ஆட்டோகிளேவ் இல்லாதது குறையல்ல.

காது, மூக்கு குத்தும்போது

கம்மலை அழுத்தி அடிக்கும் காது குத்தும் துப்பாக்கியால் குத்த விடாதீர்கள். அதன் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும். அதில் வைக்கும் ஸ்டட் கம்மலின் மொட்டை முனை தோலை வெட்டாமல் நசுக்கிக்கொண்டு போகிறது. காது மடலின் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது; நசுங்கிய இடத்தில் கிருமி பிடித்தால் மாத்திரை போய்ச் சேரவே தாமதமாகும், அதற்குள் மடல் கரைந்து சுருங்கிப்போகலாம். குழாய் போன்ற ஊசியால் குத்துவதே முறை. மூக்குக்கு 0.8 அல்லது 1 மி.மீ., மேல்காதுக்கு 1 அல்லது 1.2 மி.மீ. ஊசி வழக்கம்.

முதல் நகை வீங்குவதற்கு இடம்விட்டு நீளமாக இருக்க வேண்டும். இறுக்கமான திருகாணி வீங்கிய காதுக்குள்ளேயே புதைந்துவிடும். உலோகம் உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்136 தர டைட்டானியம் என்றால் கவலை இல்லை. நிக்கல் கலந்த கவரிங் கம்மல் புதுக் காயத்தில் அரிப்பும் நீரும் கொண்டுவரும். 22 காரட் தங்கம் மென்மையானது, கீறல் விழுந்து அதில் அழுக்கு சேரும். முதல் நகையாகப் போட்டே ஆக வேண்டுமென்றால் சொரசொரப்பும் பற்றவைத்த மேடும் இல்லாத வழுவழுப்பான கம்பியாகப் பாருங்கள்.

குலதெய்வக் கோயிலில் குழந்தைக்குக் காது குத்துவதானால் 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகள் முடிந்திருக்கட்டும். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. ஒரே நாளில் மொட்டையும் உண்டென்றால் முதலில் மொட்டை, பிறகு குளியல், தலை துடைத்த பிறகு காது. மாறிச் செய்தால் வெட்டிய முடித்துணுக்குகள் புதுத் துளையில் ஒட்டிக்கொள்ளும். மொட்டையில் பூசும் சந்தனம் வியர்வையில் வழிந்து காதுக்கு இறங்கும். காதுக்கு மேலே நான்கு விரற்கடை விட்டுப் பூசச் சொல்லுங்கள். ஆசாரி தங்கக் கம்பியின் கூர்முனையாலேயே குத்துவது வழக்கம். அதற்குப் பதில் சீல் பிரிக்காத ஊசியை நீங்களே வாங்கிக்கொண்டு போய், அவர் சோப்பால் கை கழுவி கிளவுஸ் போட்ட பிறகு அதனால் குத்தச் சொல்லலாம். தாய்மாமன் மடி, முகூர்த்தம் எதுவும் இதனால் தவறாது.

நாக்கைப் பிளப்பது, தோலுக்கு அடியில் பொருள் வைப்பது எல்லாம் அறுவை சிகிச்சை. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்குச் சீல் வைக்கப்பட்டு, சம்பந்தப்பட்டவர்கள் கைதானார்கள். மரத்துப்போகும் ஊசியும் மருத்துவர்தான் போட வேண்டும். மரத்துப்போகும் கிரீமைக்கூட முதுகு முழுக்கத் தடவி பிளாஸ்டிக் சுற்றக் கூடாது, மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு வரலாம்.

குடும்பத்தில் யாருக்காவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் கீலாய்டு தழும்பு உண்டா, சர்க்கரை கட்டுக்குள் இல்லையா, இதய வால்வில் கோளாறா, ரத்தம் உறையாத மாத்திரை எடுக்கிறீர்களா, கர்ப்பமா? இவற்றை ஒரு படிவத்தில் கேட்காத கடை உங்கள் உடம்பைப் பற்றி யோசிக்கவில்லை. 18 வயதுக்குக் கீழே டாட்டூ வேண்டாம். ராணுவத்துக்கு முயல்கிறவர்கள் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உட்புறமும் புறங்கையும்தான் பொதுவாக அனுமதி.

வீட்டுக்கு வந்த பிறகு

டாட்டூ மேல் சாதாரணப் பிளாஸ்டிக் சுற்றியிருந்தால் 2 முதல் 4 மணி நேரத்தில் பிரித்து, மணமில்லாத சோப்பும் வெறும் கையும் கொண்டு வழுவழுப்பு போகும்வரை கழுவுங்கள். நார், ஸ்பாஞ்ச் வேண்டாம். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மாய்ஸ்சரைசர் தோல் மினுங்கும் அளவுக்கு மட்டும், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. கெட்டியாகப் பூசினால் சென்னை வெயிலில் வியர்வை அடைபட்டுப் பரு கிளம்பும், அதோடு மையும் வெளியேறும். மஞ்சள் பூசுவது, திறந்து வைத்த தேங்காய் எண்ணெய் தடவுவது இரண்டும் வேண்டாம். 4-வது நாள் வாக்கில் செதில் உரியும். பிய்த்தால் அந்த இடம் வெளுத்துவிடும். குளம், கடல், நீச்சல் குளம் 3 வாரத்துக்கு இல்லை.

துளைகளுக்கு உப்புநீர் போதும். கொதித்து ஆறிய 250 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூன் அயோடின் கலக்காத உப்பு. அதிகம் போட்டால் காய்ந்து எரியும். காலையும் இரவும் நனைத்துத் துடைத்துவிட்டு, நகையைச் சுழற்றாமல் விட்டுவிடுங்கள். தினமும் திருகிவிடச் சொல்லும் பழைய அறிவுரையால் உள்ளே கட்டும் புதுத் தோல் தினமும் கிழிகிறது. காதுமடலின் கீழ்ப்பகுதி ஆற 6 முதல் 8 வாரம், மூக்கு 4 முதல் 6 மாதம், குருத்தெலும்பும் தொப்புளும் ஓராண்டு வரைகூட ஆகும்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் தெளிந்த நீரும் சகஜம். மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்பு பரவுவது, சூடு, பச்சைச் சீழ், காய்ச்சல் இவை தொற்று. சீழ் வைத்த துளையிலிருந்து நகையைக் கழற்றிவிட்டால் வாய் மூடி சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளும். கழற்றலாமா என்று மருத்துவர் சொல்லட்டும். டாட்டூ ஆறிய பிறகு, 2 அல்லது 3 வாரம் கழித்து, சாம்பல் நிறம் உள்ள இடத்தில் மட்டும் சிறு சிவப்பு மேடுகள் கிளம்பினால் அலர்ஜி என்று விட்டுவிடாதீர்கள். தோல் மருத்துவரிடம் டாட்டூ போட்ட தேதியையும் நீங்கள் படமெடுத்து வைத்த மைத் தொகுப்பு எண்ணையும் காட்டுங்கள். முன்னே சொன்ன தண்ணீர்க் கிருமி சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது, அதற்கான பரிசோதனையைத் தனியாகக் கேட்டுத்தான் செய்வார்கள்.